விதையா, போத்தா?

சுங்கை பூலோ நாற்றங்கால்களுக்குக் கன்று வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு கேள்வி தப்பாமல் எதிர்ப்படும்: விதைக்கன்று வேண்டுமா, ஒட்டுக்கன்று வேண்டுமா? 1930ல் அங்கே திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் பிழைப்புக்காகச் செடி வளர்த்து விற்கத் தொடங்கினார்கள். அந்தத் தொழில் வளர்ந்து, இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ வீட்டு வாசல்களுக்குச் செடி அங்கிருந்து போகிறது. கடைக்காரர் பெரும்பாலும் ஒட்டுக்கன்றைத்தான் கைகாட்டுவார். வீட்டுப் பெரியவர்களோ விதையில் வந்த மரம்தான் நின்று நிலைக்கும் என்பார்கள். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை உண்டு. என் கட்சி இது: நல்ல பலன் என்று தெரிந்துவிட்ட ஒரு செடியை அப்படியே பெருக்கப் போத்து, பதியன், ஒட்டு இவற்றை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் இவற்றை மட்டுமே நம்பிய தோட்டம், அது ஐந்தடிப் பால்கனியானாலும் ஐயாயிரம் ஏக்கர் எஸ்டேட்டானாலும், ஒரே நோயில் மொத்தமாகப் படுத்துவிடக்கூடியது. அதனால் இரண்டையும் எந்த இடத்தில் எந்த அளவுக்குக் கலப்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கான சான்றுகள் வெகு தொலைவில் இல்லை. புத்ராஜெயாவின் மண்ணிலும் பத்துமலைக் குகையிலும் கிள்ளான் கடற்கரையிலும் கிடக்கின்றன.

முதலில் இரண்டு வழிகளும் உண்மையில் என்ன செய்கின்றன என்று பார்த்துவிடலாம். விதை என்பது இரண்டு பெற்றோரின் பிள்ளை. மகரந்தம் சூலைச் சேரும்போது தந்தையின் மரபணுக்களில் பாதியும் தாயின் மரபணுக்களில் பாதியும் கூடுகின்றன. எந்தப் பாதி வரும் என்பது ஒவ்வொரு விதைக்கும் புதிதாகக் குலுக்கப்படுகிறது. ஒரே பழத்தில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த இரண்டு விதைகள் கூட ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. போத்து அப்படியல்ல. முருங்கைக் கிளையை வெட்டி ஊன்றினால் முளைப்பது பிள்ளை அல்ல, அதே மரம்தான். அதன் உடல் இன்னோர் இடத்தில் தொடர்கிறது. கணுவில் இருக்கும் உயிரணுக்கள் வேராக மாறத் தெரிந்தவை என்பதால் அது நடக்கிறது. இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் மூன்று விளைவுகள் பிறக்கின்றன. காய்த்துப் பழகிய மரத்தின் கிளை ஏற்கெனவே வயதுக்கு வந்தது. ஆகவே ஒட்டு டுரியான் நான்கைந்து ஆண்டில் பூக்கத் தொடங்கும், விதை மரம் எட்டு, பத்து ஆண்டு எடுக்கும். இரண்டாவது, தாய்மரத்தின் குணம் எதுவும் கைநழுவாது. மூன்றாவதை நாற்றங்காலில் யாரும் சொல்வதில்லை: தாய்மரத்தின் உடலில் இருக்கும் வைரசும் கூடவே வரும். பெரும்பாலான தாவர வைரசுகள் விதைக்குள் புகுவதில்லை. கிளைக்குள் அவை ஏற்கெனவே குடியிருக்கின்றன.

இந்தக் கணக்கை நம் சமூகம் வேறு எவரையும் விட அருகில் இருந்து பார்த்திருக்கிறது, ஏனெனில் மலாயாவின் பால்மரத்தின் வரலாறே இதுதான். 1876ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. பெரும்பங்கு இலங்கைக்குப் போனது. 1877ல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. இந்த வட்டாரத்தில் பின்னால் எழுந்த தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை இந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவை. முதல் நாற்பது ஆண்டுகளுக்கு எல்லாம் விதைதான். காடு அழித்து, குழி வெட்டி, விதைக்கன்று நட்டு, ஆறேழு ஆண்டு காத்திருந்து பால் வெட்டினார்கள். அப்போது ஓர் உண்மை தெரிந்தது. ஒரே தோட்டத்தில், ஒரே மண்ணில், ஒரே கத்தியில் வெட்டினாலும் ஒரு மரம் கோப்பை வழியக் கொடுத்தது, அடுத்த மரம் அடியை நனைத்ததோடு நின்றது. 1910களின் இறுதியில் மரம் மரமாக அளந்து பார்த்தபோது, பத்தில் ஒரு பங்கு மரங்கள் மொத்தப் பாலில் கால்பங்குக்கு மேல் தந்தது தெரியவந்தது. மற்ற ஒன்பது பங்கையும் அதே கூலிக்கு, அதே விடியற்காலையில் எழுந்துதான் வெட்டியாக வேண்டியிருந்தது. விதையின் குலுக்கல் கூலித் தொழிலாளியின் உடம்பில் எப்படி விடிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடைக்காது.

விடை ஜாவாவிலிருந்து வந்தது. 1910களின் நடுவில் டச்சுக்காரர்கள் அங்கே ரப்பருக்கு மொட்டு ஒட்டும் முறையைச் சீர்படுத்தினார்கள். நன்றாகப் பால் தரும் மரத்தின் கிளையிலிருந்து ஒரு மொட்டைப் பட்டையோடு பெயர்த்து, விதையில் வளர்ந்த இளங்கன்றின் பட்டையைத் திறந்து அதற்குள் பொருத்திக் கட்டுவது. ஒட்டிக்கொண்டதும் கன்றின் தலையை வெட்டிவிடுவது. அப்புறம் வளர்வதெல்லாம் அந்த நல்ல மரமே. சிலாங்கூரில் 1921ல் தொடங்கிய பிராங் பெசார் தோட்டம் இந்தத் தேர்வில் பெயர் பெற்றது. பிபி 86 என்ற புகழ்பெற்ற வகை அங்கே பிறந்தது. அந்தத் தோட்டம் இருந்த இடத்தில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. 1925ல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது, சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம் விரிந்தது. ஜாவாவின் ஜிர் 1 என்ற மரத்தையும் பிபி 86ஐயும் கைமகரந்தச் சேர்க்கையால் இணைத்து, வந்த விதைகளை நட்டுச் சலித்தெடுத்ததில் ஆர்.ஆர்.ஐ.எம். 600 கிடைத்தது. தேர்வு செய்யாத விதை மரங்கள் ஹெக்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 500 கிலோ கொடுத்த இடத்தில், இந்த வகை ஒட்டுமரங்கள் 1,500ஐத் தாண்டின. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆர்.ஆர்.ஐ.எம். 600ஐப் பெருக்கியது ஒட்டு. உண்டாக்கியது ஒட்டு அல்ல. அது ஒரு விதையிலிருந்து வந்தது. கையிலிருக்கும் நல்லதைப் பரப்ப ஒட்டு போதும். இதுவரை இல்லாத நல்லது வேண்டுமென்றால் ஒரு பூவும் இன்னொரு பூவும் கூடித்தான் ஆக வேண்டும்.

ஒட்டின் விலை பிறகுதான் தெரிந்தது. தென்னமெரிக்காவில் ரப்பரின் தாயகத்திலேயே ஓர் இலைக்கருகல் நோய் இருக்கிறது. காட்டில் மரங்கள் தூரத்துக்கு ஒன்றாய், ஒன்றுக்கொன்று வேறுபட்டு நிற்பதால் அங்கே அது அடங்கிக் கிடக்கிறது. ஹென்றி போர்டு 1928ல் அமேசான் காட்டில் போர்ட்லாந்தியா என்று ஒரு ரப்பர் நகரத்தையே எழுப்பி மரங்களை வரிசை வரிசையாக நெருக்கி நட்டார். நோய் வரிசையோடு நடந்தது. 1945ல் அந்த நிலத்தைப் பிரேசில் அரசிடமே விற்றுவிட்டுப் போனார்கள். அந்தப் பூஞ்சை இன்றுவரை ஆசியாவுக்கு வரவில்லை. வந்தால் என்ன ஆகும் என்ற அச்சம் மலேசியத் தனிமைப்படுத்தல் சட்டங்களில் இருக்கிறது. அமேசான் வரை போவானேன், இலங்கையில் நடந்ததைப் பாருங்கள். ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்ற ஒட்டுவகையை நம்பி ஏராளமாக நட்டார்கள். 1980களின் நடுவில் கோரினெஸ்போரா என்ற இலைநோய் அதைப் பிடித்தது. ஒவ்வொரு மரமும் அதே மரம் என்பதால் ஒன்று தாங்காத நோயை மற்றொன்றும் தாங்கவில்லை. ஆயிரக்கணக்கான ஹெக்டரைப் பிடுங்கியெறிய நேர்ந்தது. ரப்பர் ஆராய்ச்சியாளர்கள் இந்த ஆபத்தை அதற்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். 1981ல் அனைத்துலக ரப்பர் ஆராய்ச்சி வாரியம் அமேசானுக்கு ஆள் அனுப்பி, ஆக்ரே, ரொண்டோனியா, மாட்டோ குரோசோ காடுகளிலிருந்து 64,000க்கும் மேற்பட்ட விதைகளைச் சேகரித்தது. அவற்றில் ஒரு பங்கு மலேசியா வந்து சேர்ந்தது. அறுபது ஆண்டுக்கு மேல் ஒட்டுக்கட்டிப் பழகிய ஒரு தொழில், மறுபடியும் காட்டு விதையைத் தேடிக் கிளம்பியது. ஏன் அப்படிச் செய்தார்கள் என்று விளங்கிக்கொண்டால் இந்த அத்தியாயத்தின் மீதியை நீங்களே எழுதிவிடலாம்.

செம்பனையின் கதை சற்று வேறு. அதற்கு ஒரே குருத்து. பக்கக்கன்று விடாது, கிளை கிடையாது, ஒட்டுக்கட்ட இடமில்லை. 1917ல் கோலசிலாங்கூர் தென்னமாரம் தோட்டத்தில் தொடங்கிய வாணிபச் செம்பனை இன்றுவரை பெரும்பாலும் விதையில்தான் ஓடுகிறது. திசு வளர்ப்பில் அதை நகலெடுக்கலாம் என்று 1970களில் நம்பிக்கை பிறந்தது. நகல்கள் வளர்ந்து பழம் விட்டபோது, சிலவற்றின் பழம் போர்வை போர்த்தியது போலத் திரிந்து, எண்ணெய் குறைந்து வந்தது. மரபணு அதேதான், எழுத்து மாறவில்லை. அதை இயக்கும் விசை ஒன்று சோதனைக் குழாயில் கெட்டுப்போயிருந்தது. காரணத்தை மலேசிய செம்பனை வாரிய விஞ்ஞானிகள் 2015ல்தான் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். நகல் என்றால் பிசகாது என்று எண்ணுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அதே செம்பனையில் விதைவழியின் பலவீனமும் தெரிந்தது. ஆப்பிரிக்காவில் அதன் மகரந்தத்தைக் கொண்டுபோகும் வண்டு இங்கே இல்லை. அதனால் தோட்டத் தொழிலாளர்கள் மரம் மரமாகப் போய்ப் பெண்பூங்குலைகளுக்குக் கையால் மகரந்தம் தூவினார்கள். 1981ல் கேமரூனிலிருந்து அந்த வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகு அந்த வேலை அநேகமாக மறைந்துபோனது. இணை சேர்க்க ஆள் இல்லாவிட்டால் பூ வெறும் பூ.

டுரியானில் இரண்டு வழியும் ஒன்றையொன்று எப்படித் தேடுகின்றன என்பது இன்னும் தெளிவு. கடையில் டி24 என்றோ முசாங் கிங் என்றோ கேட்டு வாங்குகிறோமே, அவை வேளாண்துறையில் பதிவான ஒட்டுவகைகள். டி24 1937லும், முசாங் கிங் எனப்படும் டி197 1993லும் பதிவாகின. நாட்டில் எங்கே இருந்தாலும் ஒவ்வொரு டி24 மரமும் மரபளவில் ஒரே மரம். ஆனால் மரம் ஒட்டாக இருந்தாலும் பழம் ஒட்டில் வருவதில்லை. டுரியான் வகைகள் பல தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை, அல்லது அரைமனதாய் ஏற்கின்றன. பக்கத்தில் வேறு வகை மரம் வேண்டும், இடையே தூது போக ஆள் வேண்டும். பூ மாலையில் விரிந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடுவதால் அந்தத் தூது இரவில் பறக்கும் உயிராக இருக்க வேண்டும். தேன் குடிக்கும் குகை வௌவால்தான் அதில் முதன்மை; பத்துமலைக் குகைகளில் அதன் கூட்டம் வாழ்கிறது. 1970களில் அவற்றின் எச்சத்திலும் உடலிலும் இருந்த மகரந்தத்தை ஆராய்ந்தபோது, அவை கடலோரச் சதுப்பு நிலத்துப் பெரம்பாங் மரப் பூக்களையும் நாடுவது தெரிந்தது. டுரியான் ஆண்டு முழுவதும் பூப்பதில்லை. அது பூக்காத மாதங்களில் வௌவாலுக்குச் சோறு போடுவது கடற்கரைதான். தைப்பூசத்துக்குப் பத்துமலைப் படியேறுகிறவர்கள் தலைக்கு மேல் தொங்குவதைக் கண்டு முகம் சுளிக்கும் முன் இதை நினைக்கலாம். வீட்டளவில் பாடம் எளிது: இடம் இருந்தால் ஒரே வகை டுரியான் இரண்டு வைக்காதீர்கள்; இரு வேறு வகை வையுங்கள். இடமே இல்லையென்றால், அக்கம்பக்கத்தில் வேறு மரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒன்று வையுங்கள்.

இனி நாற்றங்கால் கேள்விக்கு வரலாம். ஒட்டுக்கன்று என்பது இரண்டு வழிகளின் கூட்டு. மண்ணுக்குக் கீழே விதையில் பிறந்த வேர். ஒவ்வொரு கன்றுக்கும் வேறு வேறு, ஆணிவேர் உள்ளது. மண்ணுக்கு மேலே தெரிந்தெடுத்த ஒரே மரம். பழமரத்துக்கு இதைவிட நியாயமான சமரசம் இல்லை என்பது என் முடிவு. ரம்புத்தானுக்கு இது தேர்வே அல்ல, கட்டாயம்: அதன் விதைகளில் ஏறத்தாழப் பாதி ஆண் மரமாகும், ஆண் மரம் பூக்கும், காய்க்காது. ஐந்தாறு ஆண்டு தண்ணீர் ஊற்றிவிட்டு அதைத் தெரிந்துகொள்வது கொடுமை. கன்று வாங்கும்போது ஒட்டு விழுந்த இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். தடித்து மூடியிருக்க வேண்டும். கட்டிய பிளாஸ்டிக் நாடா பட்டையை நெரித்துக்கொண்டிருந்தால் வேண்டாம். நட்ட பிறகு ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை எல்லாம் இரக்கமில்லாமல் கிள்ளுங்கள். அது வேரின் மரம்; விட்டால் உங்கள் மரத்தை மூடி வளர்ந்து, இரண்டு ஆண்டில் நீங்கள் வாங்காத மரம் உங்கள் வாசலில் நிற்கும். ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்குள் புதையவும் கூடாது.

மாம்பழத்தில் ஓர் ஏமாற்று இருக்கிறது. இந்திய மாம்பழங்களில் பெரும்பாலானவற்றின் கொட்டையில் ஒரே கரு, அது கூடிப் பிறந்த கரு. பங்கனப்பள்ளியைத் தின்று கொட்டையை ஊன்றினால் வருவது பங்கனப்பள்ளியின் பிள்ளை. அதன் பழம் தாயைப் போல இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தென்கிழக்காசிய மா வகைகள் பலவற்றில் ஒரே கொட்டையிலிருந்து மூன்று நான்கு முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை கூடிப் பிறந்தவையல்ல. தாயின் திசுவே விதைக்குள் கருவாகியிருக்கிறது. விதை என்ற பெயரில் அது போத்து. மங்குஸ்தீன் இதை முழுமையாகவே செய்கிறது. அதன் மகரந்தம் பயனற்றது, விதை முழுவதும் தாயின் நகல், அதனால் மங்குஸ்தீனை விதையில் நடத் தயங்க வேண்டியதில்லை. பொறுமை மட்டும் வேண்டும், எட்டுப் பத்து ஆண்டு.

பப்பாளிக்கு நேர்மாறான வழி. அதை விதையிலேயே வளர்க்க வேண்டும், ஆனால் விதையின் குலுக்கலை எதிர்பார்த்து நட வேண்டும். மலேசிய வேளாண் ஆராய்ச்சிக் கழகமான மார்டி 1987ல் வெளியிட்ட எக்சோதிகா வகை, ஹவாயின் சன்ரைஸ் சோலோவையும் நம் சுபாங் 6ஐயும் இணைத்து உருவானது. சந்தையில் கிடைக்கும் நீள்பழம் இருபால் மரத்துடையது. அந்தப் பழத்தின் விதையில் இருபால் மரமும் பெண் மரமும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வரும், ஆண் மரம் வராது. இருபால் மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் சேர்ந்து வந்த கரு பிழைக்காது என்பதால் நான்கில் ஒரு பங்கு முதலிலேயே கழிந்துவிட, மீதி மூன்றில் இந்தக் கணக்கு நிற்கிறது. ஆகவே ஒரு குழியில் மூன்று கன்று நடுங்கள். பூக்கும் வரை காத்திருந்து பூவைப் பாருங்கள். உருண்டு திரண்ட பூ பெண். மெலிந்து நீண்டு, உள்ளே சூலும் மகரந்தப் பையும் சேர்ந்திருப்பது இருபால். இருபால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடலாம். மூன்றும் பெண்ணாக அமைவதற்கு இருபத்தேழில் ஒரு வாய்ப்புத்தான்.

நம் சமையலறைச் செடிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது, எல்லா வழக்கமும் சரியல்ல. முருங்கைக்குப் போத்து ஊன்றுவதுதான் ஊர்ப்பழக்கம். மணிக்கட்டுப் பருமனில் மூன்று நான்கு அடிக் கிளையை வெட்டி, வெட்டுவாய் உலர நிழலில் சில நாள் போட்டு நடுவது. சீக்கிரம் காய்க்கும் என்பது உண்மை. ஆனால் போத்துக்கு ஆணிவேர் கிடையாது. பிற்பகல் இடிமழையோடு காற்று வீசும் நம் பள்ளத்தாக்கில், ஈர மண்ணில் பக்கவேரை மட்டும் நம்பி நிற்கும் முருங்கை சாய்வதற்கு அதிக நேரம் ஆகாது. கார் நிறுத்துமிடத்துக்கும் அண்டை வீட்டுக் கூரைக்கும் பக்கத்தில் என்றால் விதை முருங்கையே போடுங்கள். பெரியகுளத்தில் தேர்ந்தெடுத்த பிகேஎம் 1 போன்ற செடிமுருங்கை விதையில்தான் வருகிறது, ஓராண்டுக்குள் காய்க்கிறது. கறிவேப்பிலைப் போத்து எளிதில் வேர்விடாது. வேர்க்கன்றைப் பிரித்து எடுக்கலாம், அல்லது கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி உடனே விதைக்கலாம். உலர வைத்துச் சேமித்தால் முளைப்புத்திறன் சில வாரத்தில் போய்விடும். எலுமிச்சை வளர்ப்பவர்கள் கறிவேப்பிலையைத் தள்ளி வைப்பது நல்லது. எலுமிச்சைக்குப் பச்சையாதல் நோயைப் பரப்பும் சிறு தத்துப்பூச்சி கறிவேப்பிலைத் தளிரில் பெருகுகிறது. வெற்றிலையும் மல்லிகையும் போத்துத்தான், வேறு வழி தேட வேண்டாம். வெற்றிலைக்குக் கொடியின் மேல்பகுதியில் நான்கைந்து கணு, மல்லிகைக்கு அரைமுற்றிய தண்டில் ஒரு சாண். இரண்டிலும் தாய்க்கொடி நோயற்றதா என்று பார்ப்பது உரத்தைவிட முக்கியம். ரம்பை இலை இங்கே பூப்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பக்கக்கன்று மட்டுமே. மிளகாய், கத்தரி, வெண்டை எப்போதும் விதை. ஆனால் பாக்கெட்டில் கலப்பின விதை என்று போட்டிருந்தால் அதன் காயிலிருந்து விதை எடுத்துவைக்காதீர்கள், அடுத்த தலைமுறை நாலாவிதமாகச் சிதறும்.

இவ்வளவையும் கேட்டு ஒருவர் மறுக்கலாம்: வாழையைப் பார், ஆயிரமாயிரம் ஆண்டாக விதையில்லாமல் பக்கக்கன்றிலேயே வாழ்கிறதே, எங்கே அழிந்தது? மறுப்பில் வலு இருக்கிறது. ஆனால் வாழை தாக்குப்பிடித்த காலத்தில் ஊருக்கு ஊர் வெவ்வேறு வாழை இருந்தது. ஒன்று விழுந்தால் மற்றொன்று நின்றது. உலக வாணிபத்துக்காக ஒரே வாழையைக் கண்ணுக்கெட்டிய தூரம் நட்டபோது நிலைமை மாறியது. நம் சந்தையில் பீசாங் எம்புன் என்று விற்கும் பழம்தான் அன்று மத்திய அமெரிக்கா ஏற்றுமதி செய்த குரோ மிஷல். பனாமா வாடல் நோய் அதை 1950களில் வாணிபத்திலிருந்தே விரட்டியது. அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷையும் தாக்கும் நான்காம் இனம் 1990களின் தொடக்கத்திலேயே மலேசியாவில் காணப்பட்டது. வாழைக்கன்று எடுக்கிறவர்கள் குறுகிய வாள் போன்ற இலையுள்ள கன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அகன்ற இலையுள்ள நீர்க்கன்று வேண்டாம். பழைய கொல்லையில் ஒரு மரமாவது வாடி மஞ்சளித்திருந்தால் அந்தக் கொல்லையிலிருந்தே எடுக்க வேண்டாம். திசு வளர்ப்புக் கன்று வாங்குவது பாதுகாப்பு.

இன்னொருவர் வேறு விதமாகக் கேட்பார்: கூடாமல் பெருகுவது இத்தனை ஆபத்தென்றால் இயற்கையில் அது ஏன் இவ்வளவு பரவிக் கிடக்கிறது? காரணம், வேகம். துளிரில் மொய்க்கும் அசுவினியைப் பாருங்கள். நம் வெப்பத்தில் அவை பெரும்பாலும் எல்லாம் பெண், ஆணைத் தேடாமல் குட்டி போடும், பிறக்கும் குட்டியின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறை உருவாகிக்கொண்டிருக்கும். சோறு நிறைந்து, எதிரி குறைந்திருக்கும் இடத்தில் இதை எதுவும் வெல்லாது. பூந்தொட்டியைக் கவிழ்க்கும்போது மண்புழு போல நெளியும் கறுத்த புழுப்பாம்பும் அப்படியே. அந்த இனத்தில் ஆணே இல்லை. ஒன்று போதும், தொட்டி மண்ணோடு உலகமெல்லாம் சுற்றிவிட்டது. (கடிக்காது, நஞ்சும் இல்லை, அதை அடித்துக் கொல்ல வேண்டாம், எறும்பு முட்டையைத் தின்று வாழ்வது.) நிலைமை மாறாத வரை நகல் ஜெயிக்கும். மாறும்போது விதைக்கு வாய்ப்பு. நிலைமை எப்போது மாறும் என்று முன்கூட்டித் தெரியாததுதான் சிக்கல்.

மூன்றாவது மறுப்பு எளிமையானது, ஆகையால் கனமானது: நான் எஸ்டேட் முதலாளி அல்ல, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் நாலு தொட்டி வைத்திருக்கிறேன், ஒரு செடி செத்தால் இன்னொன்று வாங்கிக்கொள்கிறேன். சரிதான். வெற்றிலைக்கும் துளசிக்கும் இந்த வாதம் முழுதாகப் பொருந்தும், அங்கே நான் வாதாட வரவில்லை. ஆனால் இரண்டு இடத்தில் பொருந்தாது. ஒன்று, பத்து ஆண்டு காத்து வளர்க்கும் மரம். அது போனால் போன ஆண்டுகளைக் கடையில் வாங்க முடியாது. மற்றொன்று, கடையிலேயே இல்லாத செடி. கிள்ளான், ரவாங், கோலசிலாங்கூர்த் தோட்டங்களை மூடி வீட்டுமனையாக்கியபோது லைன் வீட்டுக் கொல்லைகளில் இருந்த அவரையும் பாகலும் கத்தரியும் மிளகாயும் பலவிதமாய்க் கைமாறி வந்தன, பல விதமாய்த் தொலைந்தும் போயின. அவற்றில் ஏதேனும் ஒன்று இன்னும் உங்களிடம் இருந்தால் நாலைந்து செடிகளிலிருந்து கலந்து விதை எடுங்கள், ஒரே செடியிலிருந்து எடுக்காதீர்கள். நன்றாக முற்றவிட்டு, நிழலில் காயவைத்து, காற்றுப் புகாத குப்பியில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். பாதியை இன்னொரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டுக்கோ இலங்கைக்கோ போய்த் திரும்பும்போது ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலைக் கொடியையும் மல்லிகைப் போத்தையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் பழக்கம் நம்மிடம் உண்டு. மேலே சொன்னதெல்லாம் சரியென்றால், போத்து என்பது அந்த ஊர்ச் செடியின் உடல். அதன் பூஞ்சையும் வைரசும் பூச்சி முட்டையும் அதோடு விமானம் ஏறும். விதையும் முழுக்கக் குற்றமற்றதல்ல. இரண்டுக்கும் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும். விமான நிலையத்தில் அதிகாரிகள் பறித்தெடுப்பதும் அதனால்தான். ஊர்க் கொடி இல்லாவிட்டாலும் குறையில்லை, வெற்றிலையும் மல்லிகையும் இங்கேயே நாற்றங்காலில் கிடைக்கின்றன. தயவுசெய்து அதை வாங்கி நடுங்கள்.